வீதியோர மண்பட்டையில் நாட்டுச் செடிகள்: எங்கள் வீதிக்கு எவை பொருந்தும்?

கேள்வி
பதிந்தவர்: குளக்கரைவாசி, கோயம்புத்தூர்

அனைவருக்கும் வணக்கம். சிங்காநல்லூர்க் குளத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கும் ஒரு குடியிருப்பு வீதியில் பத்தொன்பது ஆண்டுகளாக வசித்து வருகிறேன். எங்கள் வீதியில் முப்பத்திரண்டு வீடுகள் உள்ளன. தார் ரோட்டின் விளிம்புக்கும் வீடுகளின் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே, இருபுறமும் மூன்றடி அகலத்தில் ஒரு மண்பட்டை இருக்கிறது. நாங்கள் குடிவந்த காலத்தில் அங்கே தும்பையும் குப்பைமேனியும் தாமாகவே முளைத்துக் கிடந்தன. பாதாளச் சாக்கடைக்காக ஒருமுறையும் குடிநீர்க் குழாய்க்காக மறுமுறையும் தோண்டி மூடியதில் மேல்மண் அடியில் போய்விட்டது. அடியில் கிடந்த சுக்கான் கல்லும் கட்டட இடிபாடும் மேலே வந்துவிட்டன. இப்போது அந்த இடத்தில் பார்த்தீனியம் மட்டுமே செழித்து நிற்கிறது.

சென்ற மாதம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினோம். முழுவதும் பேவர் பிளாக் பதித்துவிடலாம் என்று சிலர் கூறினார்கள். புதிய மனைப்பிரிவுகளின் முகப்பில் வரிசையாக நிற்கும் கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை வாங்கி வைத்தால் ஓர் ஆண்டுக்குள் பச்சைச் சுவர் எழும்பிவிடும் என்று வேறு சிலர் கூறினார்கள். இரண்டுக்கும் என் மனம் ஒப்பவில்லை. நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்புத் தளமாக மாநகராட்சியே அறிவித்த குளம் பக்கத்தில் இருக்கிறது. அங்கே இன்றும் பறவைகளையும் தும்பிகளையும் காண முடிகிறது. ஆனால் குளக்கரையை விட்டு நான்கு வீதி தள்ளி வந்தால், ஒரு பட்டாம்பூச்சி இறங்கி உட்கார இடமில்லை. பள்ளியில் பட்டாம்பூச்சியின் முட்டையைப் பார்த்து வரச் சொன்னார்கள் என்று என் பேத்தி கேட்டாள். வீதியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அவளுடன் தேடி நடந்தும் ஒரு முட்டையைக்கூட என்னால் காட்ட முடியவில்லை. அன்றிலிருந்து இந்த எண்ணம் என்னை விடவில்லை.

இந்த மண்ணுக்கு உரிய செடிகளையே நட வேண்டும் என்பது என் விருப்பம். எட்டு வீட்டார் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்தச் செடிகள், எந்த மாதத்தில், இவ்வளவு கெட்டுப்போன மண்ணில் எப்படி நடுவது என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும். மற்ற வீட்டார் கேட்பது எல்லாம் பாம்பையும் கொசுவையும் பற்றித்தான். அவர்களுக்கு நேர்மையான பதில் சொல்ல விரும்புகிறேன். சமாதானத்துக்காக எதையாவது சொல்லி வைக்க விரும்பவில்லை.


மறுமொழி 1
பதிந்தவர்: இட்டேரிக்காரி, ஈரோடு

ஐயா, வணக்கம். உங்கள் மூன்றடி மண்பட்டையைப் பூங்கா என்று நினைக்காமல் இட்டேரியின் ஓரம் என்று நினைத்துப் பாருங்கள். கேட்டவற்றில் பாதிக்கு அதிலேயே விடை கிடைக்கும். நான் காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். இரண்டு பக்கமும் உயிர்வேலி, நடுவே ஒரு மாட்டுவண்டி போகும் தடம்: அதுதான் எங்கள் ஊர் இட்டேரி. வேலியில் கிளுவையும் சங்கஞ்செடியும் சூரையும் நொச்சியும் நிற்கும். அவற்றின் மேல் கோவையும் வேலிப்பருத்தியும் பிரண்டையும் ஏறிப் படர்ந்திருக்கும். அடியில் தும்பையும் துத்தியும் பூளையும் மண்டிக் கிடக்கும். அதற்கு யாரும் தண்ணீர் விட்டதில்லை, எரு வைத்ததும் இல்லை. வேலியின் அகலம் மூன்று நான்கு அடிக்கு மேல் இராது. ஆனாலும் கௌதாரியும் ஓணானும் கீரியும் தேன்சிட்டும் அதற்குள்ளேயே குஞ்சு பொரித்து, குட்டி போட்டு வாழ்ந்தன. ஆகவே அகலம் போதாது என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

இப்போது நான் இருக்கும் வீதியில் ஏழு ஆண்டுகளுக்கு முன்பு இந்த வேலையைத் தொடங்கினோம். முதல் ஆண்டு நாங்கள் செய்தது அத்தனையும் தவறாகிப் போனது. நர்சரியில் பூவோடு நின்ற செடிகளைப் பார்த்து மயங்கி, நாற்பது செடிகளை மாசி மாதத்தில் வாங்கி நட்டோம். நாளும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியும் சித்திரை பிறப்பதற்குள் முப்பதுக்கு மேல் கருகிவிட்டன. மிஞ்சியவற்றை ஆடிக் காற்று முறித்துப் போட்டது. கொங்கு நாட்டில் நடவுக்கு உரிய காலம் ஒன்றுதான் என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். மேற்கு மலைத்தொடரின் மழை மறைவில் இருக்கும் கோவைச் சமவெளியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில்தான் கிடைக்கிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது மழையைவிடக் காற்றுதான். அந்தக் காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். புரட்டாசிக் கடைசியில் குழி தயாராக இருந்து, ஐப்பசியின் முதல் நல்ல மழைக்குப் பிறகு செடியை வைத்தால், கோடை வருவதற்குள் வேர் கீழே இறங்கிவிடும். அப்படி வேர் பிடித்த ஆவாரைக்கு அடுத்த கோடையில் பத்து நாளுக்கு ஒரு குடம் தண்ணீரே போதுமானதாக இருந்தது. மூன்றாம் ஆண்டு முதல் நாங்கள் தண்ணீர் விடுவதே இல்லை.

மண்ணைப் பற்றிச் சொல்கிறேன். வெளியிலிருந்து ஐந்து லோடு செம்மண் கொண்டுவந்து கொட்டிவிட வேண்டும் என்றுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றும். அது தேவையில்லை. ஜல்லியையும் கான்கிரீட் துண்டுகளையும் பொறுக்கி எடுத்தால் போதும். சுக்கான் கல் கிடந்தால் கிடக்கட்டும். ஆவாரையும் சங்கஞ்செடியும் சுண்ணாம்பு மண்ணில் வளர்ந்து பழகியவை. ஒன்றரை அடிக் குழிக்குள் மட்டும் மக்கிய தொழுவுரம் ஒரு கூடை போடுங்கள். முக்கியமாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: பட்டை ரோட்டைவிட நான்கைந்து விரல் தாழ்வாக இருக்கட்டும். ரோட்டில் ஓடிச் சாக்கடைக்குப் போகிற மழைநீர் செடிக்கு வந்து சேரும். எங்கள் வீதியில் மண்ணை மேடாகக் குவித்து, சுற்றிலும் செங்கல் அடுக்கி அழகுபடுத்திய வீட்டாரின் செடிகள்தான் முதலில் வாடின.

செடிகளுக்கு வருகிறேன். காம்பவுண்டு சுவரை ஒட்டி ஆவாரை, நொச்சி, ஆடாதொடை ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றி ஐந்தடிக்கு ஒன்றாக வையுங்கள். நொச்சியும் ஆடாதொடையும் குச்சி நட்டாலே பிடித்துக்கொள்ளும்; விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. இம்மூன்றையும் ஆடு மாடு பெரும்பாலும் கடிப்பதில்லை. ஆடு தொடாத இலை என்பதால்தான் ஆடாதொடைக்கு அந்தப் பெயர் வந்தது என்று எங்கள் பாட்டி சொல்வார். ரோட்டு விளிம்பின் பக்கம் சுவரோரப் புதர்களைவிட உயரம் குறைந்த தும்பை, பூளை, துளசி, துத்தி, நடுவே கொழுக்கட்டைப் புல் ஆகியவை இருக்கட்டும். கிளுவை முள் உள்ளது என்பதால் ஆள் நடக்கும் பக்கம் அதை வைக்க நான் சொல்ல மாட்டேன். வீதி முனையில், வண்டி திரும்பும் இடத்தில் மட்டும் இரண்டடிக்கு மேல் எதுவும் வளரக் கூடாது. எதிரே வருகிற வண்டி தெரிய வேண்டும்.

நட்ட மூன்றாம் ஆண்டு கார்த்திகையில் ஒரு காலை நேரம், வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது ஆவாரம் பூவில் ஒரு பெரிய கருவண்டு உட்கார்ந்ததைப் பார்த்தேன். வண்டு என்று நாம் சொல்கிறோமே தவிர அது தச்சுத் தேனீ. பூவின் மகரந்தப் பைகளைக் கால்களால் கட்டிப் பிடித்து, இறக்கையை மடித்து வைத்துக்கொண்டு, உடம்பை மட்டும் அதிர வைத்தது. பறக்கும்போது வரும் ஓசையைவிடக் கூர்மையான ஓர் ஓசை எழுந்தது. அடுத்த நொடியில் அதன் வயிற்றுப் பக்கம் முழுவதும் மஞ்சள் பொடி அப்பியிருந்தது. ஆவாரம் பூவில் தேன் இல்லை என்பதையும், மகரந்தம் நுனியில் ஊசித் துளை போன்ற வாயுள்ள பைகளுக்குள் அடைபட்டிருப்பதால் அப்படி அதிர வைத்தால்தான் அது கொட்டும் என்பதையும் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அந்த வேலையைச் செய்யத் தெரிந்த தேனீ என் வாசலுக்கு வர மூன்று ஆண்டுகள் ஆயின. அது குடியிருக்கக் காய்ந்த மரக்கட்டை வேண்டும் என்பதால், பட்டுப்போன முருங்கைக் கிளை ஒன்றை வெட்டாமல் விட்டு வைத்திருக்கிறேன்.

அக்கம்பக்கத்தாரின் மனம் மாறியதையும் சொல்ல வேண்டும். "ஏனுங்க, காட்டுல கெடக்கற செடிய எதுக்குங்க வீட்டு வாசல்ல கொண்டாந்து வெக்கறீங்க?" என்று இரண்டு ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு ஒரு மார்கழிக் கடைசி நாளில் நின்றது. பொங்கலுக்கு முதல் நாள் காப்புக் கட்டுவதற்கு ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வேப்பிலையும் நம் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் வேண்டும். சந்தையில் ஒரு பிடி கட்டை விலை கொடுத்து வாங்கி வருவார்கள். அந்த ஆண்டு வீதிப் பெண்கள் எல்லோரும் எங்கள் வாசலிலேயே வந்து பறித்துக்கொண்டார்கள். வேப்பிலைக்கு முனை வீட்டு மரம் இருந்தது. பூப்பறிக்கும் நோம்பிக்குக் கூடையோடு இட்டேரிக்குப் போன நாள்களை வயதான ஓர் அம்மா நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த ஐப்பசியில் அவர் வீட்டு வாசலில் அவரே ஆவாரை விதைத்தார்.


மறுமொழி 2
பதிந்தவர்: பணி நிறைவு பெற்ற தாவரவியல் ஆசிரியர், கோயம்புத்தூர்

மேலே அம்மையார் எழுதியதை நான் வழிமொழிகிறேன். உங்கள் பேத்தியின் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு சில செய்திகளைச் சேர்க்கிறேன், ஏனெனில் இந்த முயற்சியின் உயிர்நாடி அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

பட்டாம்பூச்சி தேன் குடிக்க ஏறத்தாழ எந்தப் பூவுக்கும் போகும். சொர்ணப்பட்டிக்கும் போகும், காடுகளை விழுங்கிக்கொண்டிருக்கும் உன்னிச்செடிக்கும் போகும். அதைப் பார்த்துவிட்டுத்தான் "உன்னியில் எவ்வளவு பட்டாம்பூச்சி பாருங்கள், அதையே வைக்கலாமே" என்று கேட்கிறார்கள். முட்டையிடும் விஷயத்தில் பட்டாம்பூச்சி அப்படி நடந்துகொள்வதில்லை. ஒவ்வோர் இனத்தின் புழுவும் குறிப்பிட்ட சில செடிகளின் இலையை மட்டுமே தின்னும். தாய் அந்த இலையைத் தேடிக் கண்டுபிடித்து அதில்தான் முட்டை வைக்கும். வெந்தய வரியனுக்கு எருக்கும் வேலிப்பருத்தியும் வேண்டும். எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சையும் நாரத்தையும் வேண்டும். கறிவேப்பிலை அழகிக்கு அதன் பெயரிலேயே செடி இருக்கிறது. சிவப்புடல் அழகி, ஆடுதின்னாப்பாளையும் அதன் இனக் கொடிகளும் இல்லாத இடத்தில் முட்டையிடுவதில்லை. கொன்னை வெள்ளையனுக்குச் சரக்கொன்றை. அதன் நெருங்கிய உறவான இன்னொரு வெள்ளையனுக்கு ஆவாரை. நீங்கள் வீதி முழுதும் தேடியும் முட்டை கிடைக்காததற்குக் காரணம் பூ இல்லாதது மட்டுமன்று. புழு தின்னக்கூடிய இலை இல்லாததுதான்.

ஆகவே, இலை தின்னப்படுவதை வீதியார் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ஓர் எருக்கஞ்செடியின் இலைகள் ஓட்டை ஓட்டையாக இருந்தால் அது நோய் அன்று. அந்தச் செடி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். வேப்பெண்ணெய்க் கரைசல்கூடத் தெளிக்கக் கூடாது. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளோடு இருக்கும் புழுவைப் பேத்தியிடம் காட்டுங்கள். முட்டையிலிருந்து பட்டாம்பூச்சி வெளிவர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். பள்ளி விடுமுறை ஒன்றுக்குள் முழுவதையும் அவள் பார்த்துவிடலாம்.

எருக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதன் பால் கண்ணில் பட்டால் கண்ணுக்குக் கேடு விளையும். குழந்தைகள் நின்று விளையாடும் இடத்திலும் பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கும் இடத்திலும் அதை வைக்காதீர்கள். சுவரை ஒட்டி, கை எட்டாத இடத்தில் ஒன்றிரண்டு போதும். ஆடுதின்னாப்பாளை சிறுநீரகத்துக்கு நஞ்சாகும் தன்மை உடையது. நாட்டு மருந்து என்று எண்ணி யாரும் அதைப் பறித்துத் தின்றுவிடாதபடி பெயர்ப்பலகையில் எழுதி வையுங்கள்.

கிலுகிலுப்பையைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள். நீல வரியன்களும் வெண்புள்ளிக் கருப்பன்களும் பருவமழையை ஒட்டி மேற்கு மலைத்தொடருக்கும் கிழக்கு மலைகளுக்கும் இடையே கூட்டம் கூட்டமாக இடம்பெயர்வதைக் கோவையில் ஆண்டுதோறும் காணலாம். வெயில் ஏறும் நேரத்தில் வீட்டுக் கூரைகளுக்கு மேலாக ஒரே திசையில் போய்க்கொண்டே இருக்கும். அவற்றின் ஆண்கள் கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு ஆகியவற்றின் வாடிய தண்டிலிருந்து ஒருவகை வேதிப்பொருளை உறிஞ்சிக்கொள்கின்றன. பெண்ணைக் கவரும் மணத்துக்கும், பறவைகளிடமிருந்து தப்புவதற்கும் அது அவற்றுக்குத் தேவைப்படுகிறது. காய்ந்துவிட்டது என்று கிலுகிலுப்பையை ஐப்பசியில் பிடுங்கிவிடாதீர்கள். அவை வருவதே அந்தக் காய்ந்த தண்டைத் தேடித்தான்.

நர்சரியில் "கொன்றை" என்று கேட்டால் சில இடங்களில் மஞ்சக்கொன்றையைக் கொடுத்துவிடுகிறார்கள். அது அமெரிக்காவிலிருந்து வந்தது. முதுமலையிலும் சத்தியமங்கலம் காடுகளிலும் பரவி, இப்போது வனத்துறை அதை வெட்டி அகற்றிக்கொண்டிருக்கிறது. சரக்கொன்றையின் பூக்கள் சரமாகக் கீழ்நோக்கித் தொங்கும். மஞ்சக்கொன்றையின் பூங்கொத்து மேல்நோக்கி நிற்கும். பார்த்து வாங்குங்கள். கோனோகார்பஸைக் குஜராத் அரசு 2023இல் தடை செய்திருக்கிறது என்பதையும் சங்கக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லலாம். செடியின் பெயரில் ஐயம் வந்தால் நீங்கள் எங்கும் அலைய வேண்டியதில்லை. 1955 முதல் நம் ஊரிலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இயங்கி வருகிறது. தென்னிந்தியச் செடிகளின் உலர்மாதிரிகள் அங்கே இருக்கின்றன. பூவோடு ஒரு கிளையைக் காட்டிக் கேட்கலாம்.


மறுமொழி 3
பதிந்தவர்: மூன்றாம் வீதிப் பொருளாளர், திருப்பூர்

செடிகளைப் பற்றி மேலே இருவரும் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். எங்கள் வீதியில் செடியை அழித்தது வெயிலோ புழுவோ அன்று, களைவெட்டும் இயந்திரம். இரண்டு ஆண்டுகள் வளர்த்த ஆவாரையும் தும்பையும் பூத்து நின்ற நேரத்தில், ஒரு காலை எட்டு மணிக்கு ஒப்பந்தப் பணியாளர்கள் வந்து அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் தரைமட்டமாக்கிவிட்டார்கள். புதர் மண்டிக் கிடக்கிறது என்று யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். அன்று அந்தப் பணியாளர்களிடம் நாங்கள் சண்டை போட்டது இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்களிடம் சொல்லப்பட்ட வேலையைத்தான் அவர்கள் செய்தார்கள். அது நாங்கள் நட்டது என்பதை அவர்களுக்குத் தெரிவிக்கும் அடையாளம் ஒன்றைக்கூட நாங்கள் வைத்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று மாற்றங்களைச் செய்தோம். அந்த மண் மாநகராட்சிக்கு உரியது என்பதால், வரைபடத்தோடு மண்டல அலுவலகத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டோம். மரம் வைக்கவில்லை, மார்பளவுக்கு மேல் வளரவிட மாட்டோம், குழாய்க்குத் தோண்ட வேண்டி வந்தால் மறுக்க மாட்டோம் என்று மனுவிலேயே எழுதிக் கொடுத்தது பயன்பட்டது. பட்டையின் விளிம்பில் முழ உயரத்தில் மூங்கில் நட்டு, இரண்டு வரிசைக் கயிறு கட்டினோம். செடிகள் எவ்வளவு தாறுமாறாக வளர்ந்தாலும், ஓரத்தில் ஒரு கோடு நேராக இருந்தால், பார்ப்பவர் அதைத் தோட்டம் என்று ஏற்றுக்கொள்கிறார். எங்கள் பகுதிக்கு வரும் தூய்மைப் பணியாளர் அம்மாவிடம் எது பார்த்தீனியம், எது தும்பை என்று காட்டப் போனோம். அவர் சிரித்துவிட்டு, எங்களுக்குத் தெரியாத ஏழெட்டுச் செடிகளின் பெயரை அவரே சொன்னார். மூலனூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவராம். இப்போது எங்கள் பட்டையில் எதைப் பிடுங்கலாம் என்று முடிவு செய்வது அவர்தான்.

பாம்பு, கொசு பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாம்பு வராது என்று யாருக்கும் உறுதி கொடுக்காதீர்கள். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். எலி வருவது குப்பைக்கும் சோற்றுக்கும். செங்கல் குவியல், ஓடு, மட்டை ஆகியவற்றை அடுக்கி வைக்காமல், புதர்களின் அடிக்கிளைகளை ஓர் அடி உயரம் வரை கவாத்து செய்து, கீழே தரை தெரியும்படி வைத்திருந்தால் அச்சம் பெருமளவு குறையும். எங்கள் வீதியில் நான்கு ஆண்டுகளில் ஒரு சாரைப்பாம்பு வந்தது. அதுவும் குப்பைத் தொட்டியின் பக்கத்தில். கொசுவைப் பொறுத்தவரை, டெங்குவைப் பரப்பும் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் வளர்ந்து வெளியே வருகிறது. மழைநீர் ஒரு நாளில் மண்ணுக்குள் இறங்கிவிடும் பட்டையில் அது பெருக முடியாது. எங்கள் வீதியில் வீடு வீடாகப் பார்த்தபோது புழுக்கள் கிடைத்தவை எல்லாம் மொட்டை மாடி டயர்களிலும் பூந்தொட்டித் தட்டுகளிலும்தான். வளர்ந்த கொசுக்கள் பகலில் அடர்ந்த நிழலில் ஒதுங்கும் என்பதும் உண்மைதான். கவாத்து செய்யச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

முப்பத்திரண்டு வீட்டுக்கும் ஒரே ஆண்டில் செய்துவிட வேண்டும் என்று எண்ணாதீர்கள் என்பது என் கருத்து. எட்டு வீடு தயாராக இருந்தால், அவற்றில் அடுத்தடுத்து இருக்கும் நான்கு வீட்டு வாசலில் மட்டும் தொடங்குங்கள். சிதறிக் கிடக்கும் எட்டைவிடச் சேர்ந்து இருக்கும் நான்கு, பூச்சிகளுக்கும் நல்லது. பார்ப்பவர் கண்ணுக்கும் ஒழுங்காகத் தெரியும்.


மறுமொழி 4
பதிந்தவர்: குளக்கரைவாசி, கோயம்புத்தூர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை இந்த மறுமொழிகளை அச்சிட்டு எட்டு வீட்டாரும் ஒன்றாக உட்கார்ந்து படித்தோம். தெற்குப் பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கும் ஐந்து வீட்டு வாசல் முடிவாகியிருக்கிறது. இன்று காலை இரண்டு மணி நேரம் ஜல்லி பொறுக்கினோம். பதினோரு சிமெண்டு மூட்டை நிறைந்தது. பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்பே கையுறை போட்டு வேரோடு பிடுங்கினோம்.

ஓர் ஐயம் மீதம் இருக்கிறது. ஐந்தாம் வீட்டுக்கு அப்பால் மின்மாற்றி இருக்கும் இடத்தில் பட்டை எட்டடி அகலமாக விரிகிறது. அங்கே இரண்டு புங்க மரம் வைக்கலாம் என்று மூன்று வீட்டார் விரும்புகிறார்கள். நிழலும் கிடைக்கும், வண்டு தேனீக்களுக்கும் நல்லது என்பது அவர்கள் வாதம். மேலும், தரையை முழுவதும் தேங்காய் நார்க்கழிவால் மூடாக்குப் போட்டுவிட்டால் களையே வராது என்று பொள்ளாச்சியிலிருந்து ஓர் உறவினர் ஒரு வண்டி அனுப்பத் தயாராக இருக்கிறார். இரண்டையும் செய்யலாமா?


மறுமொழி 5
பதிந்தவர்: இட்டேரிக்காரி, ஈரோடு

ஐயா, மின்மாற்றிக்கு அடியிலும் கம்பிக்கு அடியிலும் புங்கன் வேண்டாம். மரம் நல்ல மரம்தான், இடம்தான் தவறு. ஆறாம் ஆண்டு மின்வாரியத்தார் வந்து தலையை வெட்டுவார்கள். வெட்டிய மரத்தைப் பார்க்கிற வீட்டார் அடுத்து எதையும் நட மாட்டார்கள். அந்த எட்டடியில் மின்மாற்றியைச் சுற்றிப் பணியாளர் வந்துபோகத் தாராளமாக இடம் விட்டுவிட்டு, எஞ்சியதைக் கொரங்காடு என்னும் மானாவாரி மேய்ச்சல் நிலம் போல விடுங்கள்: கொழுக்கட்டைப் புல், நடுவே தும்பையும் கிலுகிலுப்பையும். புல் காய்ந்தால் தீப்பிடிக்கும் என்பதால் தை மாதம் அடியோடு அறுத்துவிட வேண்டும்; பக்கத்தில் மாடு வைத்திருப்பவர் யாராவது மகிழ்ச்சியோடு அறுத்துக்கொண்டு போவார். புங்கனைக் கம்பி இல்லாத எதிர்ப்பக்கத்தில், உரிய அனுமதியோடு ஒன்று வையுங்கள்.

நார்க்கழிவைச் செடியின் தூரைச் சுற்றி ஒன்றரை அடி வட்டத்துக்கு மட்டும் போடுங்கள்; தண்டில் ஒட்டாமல் நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். வெயில் படும் பக்கத்தில் இரண்டு மூன்று முழ இடமாவது வெற்று மண்ணாகவே இருக்கட்டும். கூட்டமாக வாழாமல் தனித்தனியே தரையில் துளையிட்டுக் கூடு கட்டும் சிறு தேனீக்கள் பல உண்டு. மூடாக்கும் பேவர் பிளாக்கும் அவற்றுக்கு ஒன்றுதான். இப்போது எங்கள் வாசலில் அப்படி ஒரு வெற்றிடத்தில், பென்சில் நுழையும் அளவில் பதினான்கு துளைகள் இருக்கின்றன. அந்த இடத்தை நாங்கள் கூட்டுவதில்லை.

ஆவாரைக்கு நாற்றுத் தேடி அலைய வேண்டாம். விதை போட்டால் வளர்ச்சி இன்னும் உறுதியாக இருக்கும். காய்ந்து பழுப்பேறிய காய்களைப் பறித்து விதையை உதிர்த்துக்கொள்ளுங்கள். அதன் தோல் கெட்டியானது, அப்படியே போட்டால் பல விதைகள் முளைக்காமல் கிடக்கும். ஒவ்வொரு விதையையும் சொரசொரப்பான கல்லில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு தண்ணீரில் ஊற வையுங்கள். காலையில் உப்பியிருப்பவற்றை மட்டும் எடுத்து, குழிக்கு மூன்றாக, அரை விரல் ஆழத்தில் ஊன்றுங்கள். உப்பாதவற்றை மறுபடியும் தேய்த்து ஊற வைக்கலாம். தேய்க்கிற வேலையைப் பேத்தியிடம் கொடுங்கள். சின்ன விரல்களுக்கு அது நன்றாக வரும். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமைக்குப் பிறகு மேகம் பார்த்துத் தொடங்கினால் சரியாக இருக்கும்.